நல்ல கேமராதான், ஆனால் கேஸ் அடுப்பைக் காவல் காக்க வாங்காதீர்கள்

வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் ஆறேழு மாதம் எங்கள் அடுப்படியில் இருந்தது, இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்குமே, அந்த வெள்ளை உருண்டை வைஃபை கேமரா. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததற்கு அவர்கள் காரணமில்லை, பெயரைப் போட்டால் அவர்களைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். எந்தக் கம்பெனி கேமராவாக இருந்திருந்தாலும் எங்கள் வீட்டில் கதை இப்படித்தான் போயிருக்கும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 2,100 ரூபாய். மெமரி கார்டு பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். படம் தெளிவு, அடுப்பு மேடையில் சிந்திய கடுகு கூடத் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், எங்கள் ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டுக்கொண்டிருந்ததால் அரை நாள் மல்லுக்கட்டி, கடைசியில் எதிர் வீட்டு காலேஜ் பையன் வந்து இரண்டு நிமிஷத்தில் சேர்த்துக் கொடுத்தான். பேசினால் கேட்கும், இங்கிருந்து பேசவும் செய்யலாம், குக்கர் விசிலை ஆபீஸிலிருந்தே எண்ணலாம். இருட்டில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ஏதாவது அசைந்தால் போனுக்கு அலர்ட் வரும் என்று போட்டிருப்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பல்லிக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் வாரம் வந்த அலர்ட் முக்கால்வாசி ஒரே பல்லி.

பொருளுக்கு மட்டும் மார்க் போடுவதென்றால் ஐந்துக்கு நாலு. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் இதைத் திருடனுக்காக வாங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் தெரியாது, "கேஸ் பயம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். (இதை எழுத அவர் சம்மதம் இருக்கிறது. படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தவும் செய்தார்.)

கேஸ் பயம் என்றால் என்ன என்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது. வில்லாபுரத்தில் எங்கள் வீடு, தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் இவருக்குக் கணக்கு வேலை. வண்டியில் போனால் கால் மணி நேரம். காலையில் கிளம்புவதற்கு முன்னால் அடுப்பின் மூன்று திருகையும் ஒவ்வொன்றாகத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு", பிறகு கீழே குனிந்து சிலிண்டர் ரெகுலேட்டர் "நாலு". இது நாலு சுற்று. நடுவில் நானோ பாப்பாவோ ஏதாவது பேசிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பூட்டை இழுத்துப் பார்ப்பது தனிக் கணக்கு. இத்தனையும் முடித்துவிட்டுக் கிளம்பியவர் தெற்குவாசல் பாலம் ஏறும்போது மனசில் ஒரு படம் வந்துவிடும். கேஸ் கசிந்து, பக்கத்து வீட்டுப் பாட்டி விளக்கு ஏற்றி, அப்புறம் என்ன ஆகும் என்று. வண்டியைத் திருப்பிவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை திரும்பிய நாளும் உண்டு. கடையில் லேட்டுக்குச் சம்பளம் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே விஷயம் முழுசாகத் தெரியும். கல்யாணமாகி நாலு வருஷம் மறைத்து வைத்திருந்தார், வெட்கம்.

"கசிஞ்சா வாடை வரும்ல, அதுக்குத்தான நாத்தம் கலந்து விடுறாங்க" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேஸுக்குத் தனியாக வாடை கிடையாது, மெர்காப்டன் என்று ஒன்றைக் கலப்பதால்தான் அந்த அழுகல் நாற்றம். அதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாததால் வந்த பயமாக இருந்தால் தெரிந்ததும் போயிருக்குமே.

திரும்பி வராமல் இருக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிளம்பும்போது அடுப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்வது. நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். ஒரு மாதத்தில், இது இன்றைக்கு எடுத்த படமா நேற்று எடுத்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டது. தேதிக் காலண்டரை அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார். பிறகு, படம் எடுத்த பிற்பாடு கை பட்டுத் திருகு திரும்பியிருந்தால்? அப்படிச் சேர்ந்தவை 3,400 படம். எல்லாவற்றிலும் அதே அடுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான், சரி, எப்போது வேண்டுமானாலும் நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று கேமரா வாங்கிக் கொடுத்தேன். என் காசில், அவர் பிறந்த நாளுக்கு.

கடையில் எதற்கு என்று கேட்டார்கள், அடுப்படிக்கு என்றேன், அடிக்கடி செக் பண்ணுகிற பழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தேன். "அட, எனக்கும் ஓசிடிதான் மேடம், டேபிள்ல பேனா கோணலா இருந்தா பிடிக்காது" என்றார் விற்கிற தம்பி. அந்த எழுத்து மூன்றும் என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பேனா நேராக இருப்பது அவருக்குப் பிடிக்கிறது, வைத்ததும் சந்தோஷம். என் வீட்டுக்காரருக்குத் திருகைத் தொட்டு எண்ணுவதில் ஒரு துளி சந்தோஷம் கிடையாது. முட்டாள்தனம் என்று அவருக்கே தெரிகிறது, தெரிந்தே செய்கிறார், செய்யாவிட்டால் நெஞ்சு அடைக்கிறது. சுத்தம், ஒழுங்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இதுவல்ல.

முதல் பத்து நாள் சொர்க்கம். பாலத்தில் வண்டி திரும்பவில்லை. அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அத்தை ஏற்கெனவே இவரைப் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டிருந்தார், "முனீஸ்வரரும் கேமராவும் சேர்ந்து பாத்துக்கிறட்டும் ஆத்தா" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த ஆப்பை எத்தனை தடவை திறந்தோம் என்று காட்டும் இடம் போனில் இருக்கிறதே, அதைத் தற்செயலாகப் பார்த்தேன். முந்தின நாள் சனிக்கிழமை, 163 தடவை. கடையில் கணக்கு எழுதும் ஆள் 163 தடவை அடுப்பைப் பார்த்திருக்கிறார். முன்பாவது பாலம் வரைக்கும்தான் சந்தேகம் துரத்தும், தாண்டிவிட்டால் வேலையைப் பார்ப்பார். இப்போது அது சட்டைப் பைக்குள் உட்கார்ந்துகொண்டது.

கேமரா தெளிவாகக் காட்டுவதும் வினையாகப் போனது. பெரிதாக்கிப் பார்த்தால் நடுத் திருகு ஒரு மயிரிழை சாய்ந்த மாதிரி தெரியும். அது கேமரா மேலேயிருந்து பார்ப்பதால் வரும் கோணம், அவருக்கும் தெரியும். ஆனாலும் எனக்குப் போன் வரும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், இடைவேளையில் எடுத்தால், "நடுத் திருகு சரியாத்தான இருந்துச்சு?" "சரியாத்தாங்க இருந்துச்சு." அடுத்த இடைவேளையில் மறுபடி. மேடைக்குக் கீழே இருக்கும் ரெகுலேட்டர் கேமராவுக்குத் தெரியாது, அதனால் இன்னொரு கேமரா கேட்டார். அதோடு நேரம் வைத்தால் தானாகவே கேஸை நிறுத்தும் கருவி ஒன்று ஆன்லைனில் பார்த்து வைத்திருந்தார். வாங்கியிருப்பேன், மாதக் கடைசியாக இருந்ததால் தப்பித்தோம்.

அப்புறம் அந்தக் கரண்ட் இல்லாத நாள். மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. பேப்பரில் வந்திருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. இவர் முதலாளியோடு விருதுநகருக்கு வசூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் ஆப்பைத் திறந்தால் "ஆஃப்லைன்". நமக்குக் கரண்ட் போய்விட்டது என்று தோன்றும். அவருக்கு, கேமரா எரிந்துபோய்விட்டது, அதாவது அடுப்படி எரிகிறது. என் போன் ஸ்டாஃப் ரூம் லாக்கரில், 22 மிஸ்டு கால். வயிற்று வலி என்று பொய் சொல்லி நடுவழியில் காரை விட்டு இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அடுப்பு ஜில்லென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவர் நான் வரும் வரை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். அவர் தூங்கிய பிறகு ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், பார்க்க முடியாவிட்டால் பழகிவிடும் என்று. மறுநாள் அவர் வேலைக்கே போகவில்லை, அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அதைவிட மோசம், அதற்குப் பிறகு நான் "மூடியாச்சு" என்றால் அதையும் நம்பவில்லை. பிடுங்கி எறிந்தால் சரியாகிவிடும் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். அவர் பத்துக் கேள்வி கேட்டார். 1989-ல் அமெரிக்காவில் வெளியான அளவுகோலாம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை, மொத்தம் 40. 24-ஐத் தொட்டால் கடுமை என்று கணக்கு. இவருக்கு 27. "நாப்பதுக்கு இருபத்தேழு, பாஸ்தான்" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் ஜோக் அடித்தார். இப்படி ஒரு வியாதி இருக்கிறது, அளக்க ஸ்கேல் கூட இருக்கிறது, தான் மட்டும் கிறுக்கன் இல்லை என்று தெரிந்ததிலேயே பாதிப் பாரம் இறங்கியது அவருக்கு. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற ஒன்று. எங்கள் தெருவிலேயே இன்னொருத்தர் இருக்கக்கூடும்.

நான் கேமராக் கதையைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை, அங்கே இருந்த சைக்காலஜிஸ்ட் மேடத்தைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். அந்த மேடம் சொன்ன ஆராய்ச்சி ஒன்றை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2003-ல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்று இரண்டு பேர், ஓசிடி எதுவும் இல்லாத சாதாரண ஆட்களை உட்கார வைத்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, திருகை மூடினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் கேட்டால், எதை மூடினோம் என்பது சரியாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. 2006-ல் கனடாவில் நிஜ அடுப்பை வைத்துச் செய்து பார்த்ததிலும் அப்படித்தான் வந்ததாம். பார்க்கப் பார்க்க உறுதி வராது, பார்க்கப் பார்க்க உறுதி குறையும். நான் 2,100 ரூபாய் கொடுத்து இவருக்கு வாங்கிக் கொடுத்தது, ஒரு நாளைக்கு 163 தடவை நினைவைத் தேய்க்கிற ரப்பர்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரிக் கெட்ட எண்ணம் வராத ஆள் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கும்போது கை நழுவினால் என்று ஒரு நொடி எனக்கும் வந்திருக்கிறது, சீ என்று உதறிவிட்டு இறங்கி வந்துவிடுவேன். 1978-லேயே ராக்மன் என்பவரும் இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் இதை ஆராய்ந்து, சாதாரண ஆட்களுக்கு வரும் எண்ணமும் நோயாளிகளுக்கு வரும் எண்ணமும் உள்ளடக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்தது போய்விடுகிறது, அவருக்கு வந்தது உட்கார்ந்துகொள்கிறது. இப்படி ஒரு எண்ணம் வந்தாலே அது தன் பொறுப்பு, தடுக்காவிட்டால் தான் கொலைகாரன் என்று அது அவரை நம்ப வைக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி மேல் இவருக்கு இருக்கும் அக்கறை அந்தப் பாட்டியின் பிள்ளைகளுக்குக் கூட இருக்காது என்று நான் சொன்னதை இவர் திருத்தவில்லை.

வைத்தியம் இரண்டும் சேர்ந்து நடந்தது. மாத்திரையைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் வகைதான் இதற்கும், பெரும்பாலும் இதற்குக் கூடுதல் அளவு வேண்டியிருக்குமாம், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம். மூன்றாவது வாரமே "குமட்டுது, ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்தப் பார்த்தார், டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிய பிறகு தொடர்ந்தார்.

இன்னொன்று, பயப்படுவதை வேண்டுமென்றே எதிர்கொண்டு, செக் பண்ணாமல் பொறுத்திருக்கும் பயிற்சி. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. கேட்க நான் பாஸ்வேர்டை மாற்றிய மாதிரியே இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கேட்டேவிட்டேன். "நீங்க பண்ணினது அவருக்குத் தெரியாம, ஒரே நாள்ல. இதுல எந்தப் படி, எப்போன்னு அவரே முடிவு பண்ணுவார்" என்றார் மேடம். ஏணி மாதிரி ஒரு பட்டியல், எளிதிலிருந்து கஷ்டத்துக்கு. முதல் படி, ஒரே ஒரு தடவை பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல், தெருமுனை டீக்கடை வரை போய் நிற்பது. பதற்றத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போட வேண்டும். முதல் நாள் 85. கையில் டீ கிளாஸ் ஆடியது, பனியன் நனைந்துவிட்டது. நானும் கூட நின்றேன், ஒன்றும் சொல்லக்கூடாது. நாற்பது நிமிஷம் கழித்து 50. அடுப்பைப் பார்க்காமலே 35 இறங்கியது அவருக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான்.

கேமராவும் அந்த ஏணியில் மூன்று படி பிடித்தது. காலையில் ஒரு மணி நேரம் பார்க்காமல் இருப்பது, அரை நாள், பிறகு தன் கையாலேயே அதன் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போவது. 3,400 படத்தையும் அழிப்பது தனிப் படி, அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

எனக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அவருக்கு ஆறுதலாக நான் சொல்லும் "மூடியாச்சுங்க" கேமராவுக்கு அக்காதான் என்று மேடம் புரிய வைத்தார். அன்பில் செய்வதுதான், ஆனால் சந்தேகத்துக்குச் சோறு போடுவது. அதனால் அவர் கேட்டால் நான் சொல்ல வேண்டிய பதில், மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணியது, "மூடியிருக்கலாம், மூடாமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியலங்க." சொல்லிப் பாருங்கள், எதிரில் கண் கலங்கி நிற்கும் மனுஷனிடம். முதல் வாரம் சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். நூறு சதவீத உறுதி யாருக்கும் எதிலும் கிடையாது, அது இல்லாமல் கிளம்பப் பழகுவதுதான் பயிற்சியே. பிரெஞ்சு மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சந்தேகப் பைத்தியம் என்று அழைத்தார்களாம். பைத்தியம் என்ற சொல்லை விட்டுவிடலாம், சந்தேகம் என்று சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து அதே பத்துக் கேள்வி, 27 இறங்கி 13. இன்னும் காலையில் ஒரு தடவை திருகைப் பார்க்கிறார், நானும்தான் பார்க்கிறேன். பரீட்சை நேரம், பாப்பாவுக்குக் காய்ச்சல், இந்த மாதிரி நாளில் தலைதூக்கும். பாலத்தில் வண்டி கடைசியாகத் திரும்பி நாலு மாதம் ஆயிற்று.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, கோரிப்பாளையம் பக்கம் ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கேமரா வாங்கும் காசுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

கேமரா இப்போது சோழவந்தான் பக்கம் மாமனார் வீட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. பசு சினையாக இருந்தபோது கொண்டுபோய் மாட்டினோம். அங்கே சிம் போடும் ரௌட்டர்தான், படம் கொஞ்சம் விட்டு விட்டு வரும், ஆனால் ராத்திரிக் காட்சி அருமை, மாட்டின் கண் இரண்டும் பளிச்சென்று தெரியும். கூடவே வரும் ஒயர் பத்தாது, எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும். லென்ஸில் ஈ உட்கார்ந்தால் அலர்ட் வரும், வாரம் ஒரு தடவை துணியால் துடைக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கன்று போட்டதை அத்தை படுத்தபடியே போனில் பார்த்து எழுந்து ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகும் ராத்திரிக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறார் போல. "ஏம்மா, இத்தன தடவ எதுக்குப் பாக்குற?" என்று இவர் போனில் கேட்டதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "கன்னுக்குட்டி அழகா இருக்குடா" என்றார் அத்தை.